வாரம் ஒரு குவாட்டர், 88 கிலோ எடை, கிரேடு 1 ஃபேட்டி லிவர்: தொடரலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: வயது 44. உயரம் 170 செ.மீ., எடை 88 கிலோ, இடுப்புச் சுற்று 104 செ.மீ. மாஸ்டர் செக்கப்பில் கிரேடு 1 ஃபேட்டி லிவர் என்று வந்திருக்கிறது. ஈரல் நொதிகளான எஸ்ஜிபிடி 62, எஸ்ஜிஓடி 48, பிளேட்லெட் 2.1 லட்சம், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1, ட்ரைகிளிசரைடு 210. சனிக்கிழமை இரவு ஒரு குவாட்டர் பிராந்தி, பெரும்பாலும் ஞாயிறு மதியம் ஒரு ஸ்ட்ராங் பீர். மற்ற நாட்களில் தொடுவதில்லை. "அளவோடு குடித்தால் இதயத்துக்கு நல்லது என்கிறார்கள். என்னைவிட அதிகம் குடிக்கும் நண்பனுக்கு லிவர் டெஸ்ட் எல்லாம் நார்மல். நான் நிறுத்தித்தான் ஆக வேண்டுமா?"

நிறுத்துங்கள். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் பார்த்து, எடையும் ஏழெட்டு கிலோ இறங்கும்வரையாவது ஒரு சொட்டும் வேண்டாம். அதற்குப் பிறகு என்ன என்பதை அப்போது பேசலாம். குடி குடியைக் கெடுக்கும் என்று உங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் கேட்பது கணக்கு. அதையே பார்ப்போம்.

முதலில் நீங்கள் குடிக்கும் அளவு. நம் ஊர் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாவற்றிலும் லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். குவாட்டர் என்பது 180 மில்லி. அதில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. எடையாகச் சொன்னால் சுமார் 61 கிராம். ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில், 8 சதவீதம் என்று வைத்தால், 41 கிராம். ஆக வாரத்துக்குச் சுமார் 100 கிராம். பீர்தானே என்று நீங்கள் நினைக்கும் அந்த ஒரு பாட்டில், இரண்டு லார்ஜ் பிராந்திக்குச் சமம்.

ஓபியில் நான் அடிக்கடி செய்யும் ஒரு வேலை உண்டு. "ரெண்டே ரெண்டு பெக்குதான் டாக்டர்" என்பவரிடம் ஒரு டம்ளரையும் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்து, வீட்டில் ஊற்றுகிற மாதிரி ஒரு பெக் ஊற்றச் சொல்வேன். ஊற்றியதை அளவு போட்ட ஜாடியில் மாற்றிப் பார்த்தால் 60 மில்லிக்குள் நிற்பவர் குறைவு. ஒருவர் ஊற்றியது 90ஐத் தாண்டியது. "தண்ணிங்கறதால கொஞ்சம் தாராளமா ஊத்திட்டேன்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, "இல்லீங்க, எப்பவும் இவ்வளவுதான்" என்றார். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒரு டிரிங்க் என்றால் பல நாடுகளில் 10 கிராம், அமெரிக்காவில் 14 கிராம். அங்கே ஒன்று, இரண்டு என்று எழுதியிருப்பதை இங்கே கையால் ஊற்றும் பெக்குக்குப் பொருத்திப் படித்தால் கணக்கு மொத்தமும் தப்பும். நீங்கள் குவாட்டர் என்று சொன்னது அந்த வகையில் நல்லது. பாட்டில் பொய் சொல்லாது.

இப்போது உங்கள் 100 கிராமை விதிமுறைகளோடு வைத்துப் பார்த்தால் வேடிக்கையான ஒரு நிலை. பிரிட்டன் 2016இல் ஆண், பெண் இருவருக்கும் வகுத்த வரம்பு வாரம் 14 யூனிட், அதாவது 112 கிராம். நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். 2023இல் ஃபேட்டி லிவருக்குப் பெயர் மாற்றினார்கள். உடல் எடை, சர்க்கரை, கொழுப்பு இவற்றோடு சேர்ந்து வருவதை மாஸ்எல்டி என்கிறார்கள். அதே ஆள் வாரம் 210 கிராமுக்கு மேல் (பெண் என்றால் 140) குடித்தால் மெட்-ஏஎல்டி என்று தனிப் பிரிவு. இந்தக் கணக்கிலும் நீங்கள் குடிகாரர் பட்டியலில் வர மாட்டீர்கள். கனடா மட்டும் 2023இல் வாரம் இரண்டு டிரிங்க் என்று இறக்கிவிட்டது. அங்கே நீங்கள் எப்போதோ கோட்டைத் தாண்டியாயிற்று. அதே ஆண்டு ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்றே சொல்லிவிட்டது.

இந்த வரம்புகளில் எதை நம்புவது என்று யோசிப்பதைவிட, அவை யாருக்காக எழுதப்பட்டவை என்று பார்ப்பது பயன் தரும். பொது ஜனத்துக்காக எழுதப்பட்டவை. ஈரலில் ஏற்கெனவே கொழுப்பு படிந்த, இடுப்பு 104 செ.மீ. இருக்கிற, சர்க்கரையின் வாசலில் நிற்கிற ஒருவருக்கென்று எழுதியவை அல்ல. உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 30.4. இந்தியர்களுக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன். ஆணுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஒரே எடையுள்ள ஐரோப்பியரைவிட நமக்கு வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அதிகம் என்பதால்தான் இந்தத் தனி அளவு. கை கால் ஒல்லி, தொப்பை மட்டும் முன்னால் என்ற நம் ஊர் உடல்வாகுக்கு ஈரல்தான் முதலில் பதில் சொல்லும்.

எடையும் மதுவும் ஒன்றாகச் சேரும்போது என்ன ஆகிறது என்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் ஆய்வு ஸ்காட்லாந்தில் நடந்தது, 2010இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது. 1960களிலும் 70களிலும் சேர்த்த சுமார் 9,500 ஆண்களை முப்பது வருடத்துக்குப் பக்கமாகத் தொடர்ந்து பார்த்தார்கள். சரியான எடையில் இருந்து குடிக்காதவர்களின் ஈரல் நோய் மரண விகிதத்தை ஒன்று என்று வையுங்கள். வாரம் 15 யூனிட்டும் அதற்கு மேலும் குடித்தவர்களில், எடை சரியாக இருந்தவர்களுக்கு அது சுமார் 3 மடங்கு. அதிக எடைக்காரர்களுக்கு 7. பிஎம்ஐ 30ஐத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தட்ட 19. குண்டாக இருப்பதன் ஆபத்தையும் குடிப்பதன் ஆபத்தையும் தனித்தனியாகக் கூட்டினால் இந்த எண் வராது. இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன.

அந்த 19ஐக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் அவ்வளவு எடையோடு அவ்வளவு குடித்தவர்கள் குறைவு, அதனால் பிழை எல்லை 7இலிருந்து 52 வரை அகலமாக இருக்கிறது. ஆனால் போகும் திசை சந்தேகமில்லாதது. 15 யூனிட் என்பது 120 கிராம். உங்கள் 100 அதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

அதே ஆண்டு பிரிட்டனில் 12 லட்சம் பெண்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வும் வந்தது. இதில் மடங்குக் கணக்கு இல்லாமல் தலைக்கணக்கே இருப்பதால் புரிந்துகொள்வது எளிது. வாரம் 70 கிராமுக்குக் கீழே குடித்த பெண்களில் ஐந்து ஆண்டுகளில் சிரோசிஸால் (ஈரல் முழுக்கத் தழும்பாகிச் சுருங்கும் நோய்) ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் ஆயிரத்துக்கு ஒருவருக்குப் பக்கம், எடை சரியாக இருந்தாலும் (0.8) பருமனாக இருந்தாலும் (1.0) பெரிய வித்தியாசமில்லை. வாரம் 150 கிராமும் அதற்கு மேலும் குடித்தவர்களில் எடை சரியாக இருந்தவர்களுக்கு 2.7, பருமனானவர்களுக்கு 5. உடனே பயப்பட வேண்டிய எண்கள் அல்ல, ஆயிரத்தில் ஐந்துதான். ஆனால் அது ஐந்து வருடக் கணக்கு. நீங்கள் 44 வயதில் நிற்கிறீர்கள்.

உங்கள் விஷயத்தில் வாரக் கணக்கைவிட எனக்கு உறுத்துவது சனிக்கிழமை. ஐந்து நாள் சும்மா இருந்துவிட்டு ஒரே இரவில் 61 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமும் அதற்கு மேலும் என்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று கணக்கெடுக்கிறது. ஸ்வீடனில் ஃபேட்டி லிவர் நோயாளிகள் 71 பேரைச் சராசரியாக 14 வருடம் தொடர்ந்து, இரண்டு முறை பயாப்சி (ஈரலில் சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனை) எடுத்துப் பார்த்தார்கள் (2009). இவர்கள் எல்லோருமே வாரம் 140 கிராமுக்குள் குடித்தவர்கள், உங்களைப் போல. ஈரலில் தழும்பு வேகமாக முற்றியவர்களிடம் எப்போதாவது ஒரே மூச்சில் நிறையக் குடிக்கும் பழக்கம் அதிகம் இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் "வாரத்துக்கு ஒரு நாள்தானே" என்று கேட்கும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன்.

இது ஏன் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். தொப்பை உள்ளவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் இளகி ஈரலுக்கு வந்துகொண்டே இருக்கும். சோறு, சர்க்கரை, ஜூஸ் என்று மிஞ்சும் மாவுச்சத்தை ஈரல் தானே கொழுப்பாக மாற்றும். வந்த கொழுப்பு எரிந்தோ வெளியே போயோ குறைந்தால்தான் குடோனில் இடம் இருக்கும். மது உள்ளே வந்ததும் ஈரல் மற்ற வேலைகளை ஒத்திவைத்துவிட்டு அதை முதலில் உடைக்கும். உடம்பில் அதைச் சேமித்து வைக்க இடமில்லை. மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் உடைக்க முடியும். ஒரு குவாட்டருக்கு ஆறிலிருந்து ஒன்பது மணி நேரம். அந்த நேரம் முழுக்கக் கொழுப்பு எரிவது தடைபடுகிறது, புதுக் கொழுப்பு உருவாவது கூடுகிறது. வரும் வாசல் திறந்தபடி, போகும் வாசல் சாத்தியபடி.

கொழுப்பு படிவது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. சிஒய்பி2இ1 என்று ஒரு நொதி. ஃபேட்டி லிவரிலும் அது கூடுதலாக இருக்கும், குடித்தாலும் கூடும். ஆல்கஹாலை அது உடைக்கும்போது செல்லைச் சேதப்படுத்தும் வினைப்பொருள்கள் உண்டாகின்றன, பக்கத்திலேயே அவை தாக்குவதற்குக் கொழுப்பு குவிந்து கிடக்கிறது. அதோடு மது குடலின் சுவரைத் தளர்த்தி, அங்குள்ள பாக்டீரியாவின் நச்சை ஈரலுக்கு அனுப்புகிறது. பருமனும் அதையே செய்கிறது. அழற்சி, அதன் மேல் தழும்பு, தழும்பு முற்றினால் சிரோசிஸ். மது வந்த வழியும் எடை வந்த வழியும் ஈரலில் ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன. பயாப்சியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் நோய்க்கூறு நிபுணரே பல சமயம் இது குடியால் வந்ததா எடையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, அளவோடு குடித்தால் நல்லது என்று படித்தது? அதுவும் ஆய்விலிருந்து வந்ததுதான், யாரும் இட்டுக்கட்டவில்லை. ஃபேட்டி லிவர் நோயாளிகளைப் பற்றியே அப்படி ஒன்று வந்தது. அமெரிக்காவின் நாஷ் (அழற்சியும் சேர்ந்த ஃபேட்டி லிவர்) ஆராய்ச்சிக் குழுமம் 2012இல் வெளியிட்டதில், கொஞ்சமாகக் குடித்தவர்களின் பயாப்சியில் அழற்சி குறைவாக இருந்தது. பலர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அது ஒரு நாளில் எடுத்த படம். அதே குழுமத்தின் நோயாளிகளில், ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு பயாப்சி எடுத்தவர்களை மட்டும் ஒப்பிட்டு 2018இல் பார்த்தபோது கதை மாறியது. குடிக்காதவர்களின் ஈரல் எவ்வளவு தேறியதோ, அளவோடு குடித்தவர்களின் ஈரல் அவ்வளவு தேறவில்லை. கொழுப்பும் அவ்வளவு குறையவில்லை, அழற்சி முழுதாக அடங்கியவர்களும் குறைவு.

அளவோடு குடித்தால் நல்லது என்று பல ஆய்வுகள் ஏன் காட்டின? 'குடிக்காதவர்' என்ற பட்டியலில் உடம்புக்கு முடியாமல் குடியை விட்டவர்களும் சேர்ந்துவிடுவது பழைய சிக்கல். மேல்நாடுகளில் ஒரு கிளாஸ் ஒயினோடு நிறுத்துபவர்கள் வசதியானவர்கள், காய்கறி சாப்பிடுபவர்கள், நடக்கிறவர்கள். அவர்களின் ஆரோக்கியத்துக்கான பெருமை ஒயினுக்குப் போய்விட்டது. எப்படியும் சாப்பாட்டோடு 120 மில்லி ஒயின் குடிப்பவரைப் பற்றிய ஆய்வு, சிக்கன் 65ஐயும் மிக்சரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குவாட்டர் முடிக்கும் ஒருவருக்குச் சாட்சி சொல்ல வராது.

நண்பர் விஷயம். கடுமையாகக் குடிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஈரலில் கொழுப்பு படிகிறது, ஆனால் சிரோசிஸ் வரை போவது பத்தில் ஒருவர், இருவர்தான். மரபணு ஒரு காரணம். பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் ஒரு வகை இருந்தால் மதுவாலும் எடையாலும் ஈரல் கெடும் வாய்ப்பு கூடும். அவர் எடை என்ன, சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இன்னொன்று, சிரோசிஸ் வந்தவர்களிடமே எஸ்ஜிபிடி நார்மலாக இருப்பதுண்டு. அதனால் 'எல்லாம் நார்மல்' என்ற அவர் ரிப்போர்ட்டை வைத்து அவரைப் பற்றியும் நான் உறுதி சொல்ல மாட்டேன்.

உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். கிரேடு 1 என்பதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம், பதறவும் வேண்டாம். வயிற்று ஸ்கேன் சொல்வது கொழுப்பின் அளவை மட்டும், அதுவும் குத்துமதிப்பாக. தழும்பு விழுந்திருக்கிறதா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும், அதை ஆரம்ப நிலையில் அந்த ஸ்கேன் காட்டாது. கிரேடு 1 என்று எழுதப்பட்டவரிடம் தழும்பு இருக்கலாம், கிரேடு 3காரரிடம் இல்லாமலும் இருக்கலாம்.

இதற்குச் செலவே இல்லாத ஒரு கணக்கு உண்டு, ஃபிப்-4. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள்: 44 × 48 = 2112. எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தைப் பிளேட்லெட்டால் பெருக்குங்கள். 62இன் வர்க்கமூலம் 7.87, பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில், 210 என்று போட வேண்டும். பெருக்கினால் 1653. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 1.28. 1.3க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம். நீங்கள் கோட்டுக்குச் சற்றுக் கீழே தப்பியிருக்கிறீர்கள். பிளேட்லெட் 2.1க்குப் பதில் 1.9 லட்சம் இருந்திருந்தால் 1.41 வந்திருக்கும். லேபுக்கு லேப் இவ்வளவு வித்தியாசம் சாதாரணம் என்பதால், 1.28ஐப் பாஸ் மார்க்காக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். சர்க்கரையின் விளிம்பில் வேறு இருக்கிறீர்கள். ஒரு ஃபைப்ரோஸ்கேன் எடுத்துவிடுங்கள். காலையில் வெறும் வயிற்றில் போங்கள். வலி, ஊசி எதுவும் கிடையாது, பத்து நிமிட வேலை. ஈரலின் இறுக்கம் 8 கேபிஏவுக்கு (கிலோபாஸ்கல்) கீழே இருந்தால் நல்லது. அதற்கு மேல் வந்தால் ஈரல் நிபுணரைப் பாருங்கள், குடிப் பேச்சையும் நிரந்தரமாக முடித்துக்கொள்ளுங்கள். கூடவே ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், மாஸ்டர் செக்கப்பில் பெரும்பாலும் அது இருக்காது.

தழும்பு முற்றிவிட்டால் கொஞ்சம் என்பதற்கே இடமில்லை. எடையால் வந்த சிரோசிஸ் நோயாளிகளை அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் தொடர்ந்து பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமாகச் சிறிதளவு குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால் ஈரல் புற்றுநோய் ஆபத்து 3.6 மடங்கு இருந்தது.

இனி செய்ய வேண்டியது. எடையில் 5 சதவீதம் குறைந்தால் ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும், 7இலிருந்து 10க்குள் அழற்சி அடங்கும், 10ஐத் தாண்டினால் தழும்பே பின்வாங்குவதைக் கியூபாவில் 293 பேரை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. உங்களுக்கு 10 சதவீதம் என்பது 8.8 கிலோ. ஒரு குவாட்டரில் 425 கலோரி, பீர் பாட்டிலில் ஆல்கஹாலின் கலோரி மட்டுமே 285க்கு மேல், இதற்குத் தொட்டுக்கொள்ளும் பொரித்ததும் நள்ளிரவு பரோட்டாவும் தனி. வார இறுதியை மட்டும் சரி செய்தாலே எடை மெஷினில் தெரியும். கூல்டிரிங்க்ஸுக்கும் பாக்கெட் ஜூஸுக்கும் மாறிவிடாதீர்கள். குடியை விட்டுவிட்டு வாரம் இரண்டு லிட்டர் கோலா குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் ஈரல் நன்றி சொல்லவில்லை. காபி குடிக்கலாம். காபி குடிப்பவர்களுக்கு ஈரலில் தழும்பு குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக மூன்று ஸ்பூன் சர்க்கரையோடு டிகிரி காபி ஐந்து வேளை என்று என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

சனிக்கிழமை குடித்துவிட்டு ஞாயிறு காலை கீழாநெல்லி ஜூஸ் குடித்தால் சரியாகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. லிவர் டானிக்கும் அப்படித்தான். சீந்தில் கொடியை நோய் எதிர்ப்பு சக்திக்கு என்று சாப்பிட்டு ஈரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் கொரோனா காலத்தில் எழுதினார்கள். உங்கள் ஈரலுக்கு இப்போது வேண்டியது புதுச் சரக்கு அல்ல. குடித்த மறுநாள் தலைவலிக்குப் பாராசிட்டமால் போடுவதையும் விடுங்கள். மேலே சொன்ன அதே நொதிதான் அதையும் நச்சாக மாற்றுகிறது.

வாரத்துக்கு இரண்டு நாள் குடிப்பவர் என்பதால் நீங்கள் இன்றே நிறுத்தலாம், ஒன்றும் ஆகாது. இதைப் படிக்கும் வேறு யாராவது தினமும் குடிப்பவராக, காலையில் கை நடுங்குபவராக இருந்தால் திடீரென்று நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நாளில் வலிப்பு, குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் உதவியோடுதான் விட வேண்டும், அதற்கு மாத்திரைகள் இருக்கின்றன.

சனிக்கிழமை நண்பர்கள் கூட்டத்துக்குப் போகாமல் இருக்க முடியாது என்பீர்கள். போங்கள். "டாக்டர் டெஸ்ட் எடுத்திருக்கார், மூணு மாசம் கூடாதுன்னுட்டார்" என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். மூன்று மாதம் கழித்து எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி, பிளேட்லெட், ட்ரைகிளிசரைடு, எச்பிஏ1சி ஐந்தையும் அதே லேபில் எடுத்து, எடை, இடுப்புச் சுற்று, ஃபைப்ரோஸ்கேன் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். 80 கிலோவுக்கு வந்து, ஃபைப்ரோஸ்கேனும் 8க்குக் கீழே இருந்தால் எப்போதாவது ஒரு கல்யாண வீட்டில் ஒரு ஸ்மால் பற்றிப் பேசலாம். குவாட்டர் பற்றி அப்போதும் பேச்சில்லை.